வீசிய கையும் விற்ற கையும்

மைசூருவிலிருந்து தெற்கே நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை பந்திப்பூர்க் காட்டுக்குள் நுழைந்து, மாநில எல்லையைக் கடந்ததும் முதுமலைக்குள் இறங்குகிறது. காடு ஒன்றே. அதில் நடமாடும் யானைக்கு எது கர்நாடகம், எது தமிழ்நாடு என்று தெரியாது. ஆனால் காலி மதுப்பாட்டிலுக்கு அந்த எல்லை தெரியும். எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில், 2022 மே மாதத்திலிருந்து, நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திரும்ப வழங்குகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் வந்த ஏற்பாடு அது. உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையே அந்த வழக்கின் தொடக்கம். கர்நாடகப் பக்கத்தில் மாநிலம் தழுவிய அத்தகைய ஏற்பாடு எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. ஒரே சாலை, ஒரே சுற்றுலாப் பயணி, ஒரே சாராய நிறுவனங்கள். எல்லையின் ஒரு பக்கத்தில் காலிப் பாட்டில் பத்து ரூபாய். மறுபக்கத்தில் அது வெறும் குப்பை.

சாலையோரக் குப்பைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாளேடுகளின் ஆசிரியர் கடிதங்களும், நகராட்சி ஆணையர்களின் பேட்டிகளும், ஏன், சில சமயம் முற்போக்காளர்களின் தேநீர்க்கடை உரையாடல்களும்கூட ஒரே விடையைத்தான் தருகின்றன: ‘நம் சனங்களுக்குப் பொறுப்புணர்வு இல்லை.’ இந்த விடை எவ்வளவு எளிதோ அவ்வளவு தவறானது. இதனால் யாருக்கு ஆதாயம் என்று கேட்டுப் பார்ப்பது அவசியம்.

எரிவாயு உருளை கற்பிக்கும் பாடம்

இந்திய வீடுகளில் 30 கோடிக்கு மேற்பட்ட சமையல் எரிவாயு இணைப்புகள் உள்ளன. குடிசைப் பகுதியிலும் உண்டு, மாளிகையிலும் உண்டு. படித்தவர் வீட்டிலும் உண்டு, படிக்காதவர் வீட்டிலும் உண்டு. பொறுப்புணர்வு இல்லாதவர்கள் என்று நாள்தோறும் ஏசப்படுகிற அதே மக்கள்தாம் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். மைசூருவின் வெளிவட்டச் சாலையிலோ, சாமுண்டி மலை அடிவாரத்திலோ, காலியான 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்று அனாதையாகக் கிடந்ததை எவரேனும் கண்டதுண்டா?

இல்லை. காரணம் மிக எளிது. அந்த உருளை அதைப் பயன்படுத்துபவருக்குச் சொந்தமானதன்று. வாயுவைத்தான் நுகர்வோர் விலைக்கு வாங்குகிறார். உருளை எண்ணெய் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கிறது. அதற்காக வைப்புத்தொகை பெறப்படுகிறது. 2022 ஜூனில் அது 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உஜ்வாலா இணைப்பு பெற்றவர்களுக்கு அத்தொகையை அரசு ஏற்கிறது. காலி உருளையைக் கொடுத்தால்தான் நிரம்பிய உருளை கிடைக்கும். மறுபரிசோதனைக்குரிய காலாண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும், ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் உருளையின் மேற்பகுதித் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அது எங்கே பிறந்தது, எப்போது சோதிக்கப்பட வேண்டும், யாரிடம் திரும்ப வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் விடை அந்த இரும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இரும்பு உருளை விலை உயர்ந்தது, அதனால்தான் எவரும் எறிவதில்லை என்று ஒருவர் மறுக்கலாம். அதற்கு நீலகிரியே விடை. ஒரு மதுப்பாட்டிலின் கண்ணாடிக்கு அப்படியொன்றும் பெரிய விலையில்லை. எனினும் 10 ரூபாய் வைப்புத்தொகை விதித்தவுடன் விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பின. அந்த ஓராண்டில் நீலகிரிக்கு வந்த பயணிகளுக்குத் திடீரென்று ஒழுக்க ஞானம் பிறந்துவிடவில்லை. காலிப் பாட்டில் திரும்பிச் செல்ல ஒரு வழி திறக்கப்பட்டது, அவ்வளவே. எறிந்தவர் பாட்டிலைப் பொறுக்கி எடுத்துக் கடையில் தந்து பத்து ரூபாய் பெற்றவர்களும் உண்டு.

ஆகவே, சாலையோரத்தில் ஒரு பொருள் கிடப்பதற்கும் கிடக்காததற்கும் முதற் காரணம் அப்பொருள் மீதான உடைமை உறவு. விற்ற பின்னும் பொருளின் உறைக்குப் பொறுப்பு விற்றவருக்கே என்று எங்கே விதி இருக்கிறதோ, அங்கே குப்பை இல்லை. விற்றதோடு பொறுப்புத் தீர்ந்தது, இலாபம் மட்டும் தங்கியது என்று எங்கே இருக்கிறதோ, அங்கே சாலையோரம் குப்பைமேடாகிறது.

இலண்டன் தெருவில் கிடந்த எஃகு

வேறொரு வாயு உருளையின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். பிரிட்டன் நகரங்களின் பூங்காக்களிலும் நடைபாதைகளிலும் விரல் நீளமுள்ள சிறு எஃகுக் குப்பிகள் கடந்த சில ஆண்டுகளாகக் கும்பல் கும்பலாகக் கிடந்தன. பாலேட்டை நுரைக்கச் செய்வதற்காக நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, 8 கிராம் அடைத்து விற்கப்படும் குப்பிகள் அவை. இளைஞர்கள் அதைப் பலூனில் நிரப்பி முகர்ந்தனர். தொடர்ந்து முகர்ந்தால் உடலிலுள்ள பி12 வைட்டமின் செயலிழந்து நரம்புகள் சேதமுறும். இது விளையாட்டல்ல, கைகால் மரத்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஏராளம்.

பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது? 2023 நவம்பர் 8 முதல், போதைக்காக அந்த வாயுவை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. போதைக்கென விற்பவருக்கு 14 ஆண்டு வரை. அரசின் சொந்த ஆலோசனைக் குழுவோ, அதே ஆண்டு மார்ச் மாதத்தில், போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அதைக் கொண்டுவர வேண்டாம் என்று அறிவுரை கூறியிருந்தது. நுகர்வோருக்கு நேரடியாக விற்பதைக் கட்டுப்படுத்துவது போன்ற வழிகளை அது முன்வைத்திருந்தது. அரசு செவிசாய்க்கவில்லை. பூங்காவில் குப்பை போடும் ‘சமூக விரோத’ இளைஞர் என்ற உருவம் தேர்தல் மேடைக்கு உகந்ததாக இருந்தது.

சமையல் தேவைக்கான விற்பனைக்கு விலக்கு உண்டு என்பதால் உற்பத்தி நிற்கவில்லை. சிறு குப்பிகளின் இடத்தைப் பெரிய உருளைகள் பிடித்துக்கொண்டன. வண்ண வண்ணப் பூச்சோடும் பழச்சுவை மணத்தோடும் அவை சந்தைக்கு வந்தன. பழச்சுவை எந்தச் சமையற்காரருக்காக என்று கேட்பார் இல்லை. வாயு எஞ்சிய அப்பெரிய உருளைகள் நகராட்சிகளின் எரியுலைக்குள் போய் வெடித்து, அங்கு வேலை செய்யும் தொழிலாளர்களை ஆபத்துக்கு உள்ளாக்கின. காலி உருளையைத் திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர் மீது அந்தச் சட்டம் சுமத்தவில்லை. பிடிபட்டவர் தெருவில் நின்ற இளைஞர். உலையருகே நின்றவர் துப்புரவுத் தொழிலாளி. இரண்டுக்கும் நடுவே இருந்த நிறுவனம் கண்ணில் படவே இல்லை.

‘குப்பை போடுபவர்’ என்ற கற்பனைப் பாத்திரம்

கண்ணில் படாமலிருப்பது ஒரு கலை. அக்கலையை முதலாளித்துவம் எங்கே பயின்றது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பீரும் குளிர்பானமும் திரும்பப் பெறும் பாட்டில்களில்தான் பெரும்பாலும் விற்றன. போருக்குப் பிறகு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் தகரக் குவளைகளும் பாட்டில்களும் பெருகின. பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து, கழுவி, மீண்டும் நிரப்பும் செலவு நிறுவனங்களுக்கு மிச்சமாயிற்று. அந்தச் செலவு மறைந்துவிடவில்லை. ஊராட்சிகளின் தலையிலும் விவசாயிகளின் வயலிலும் போய் விழுந்தது. வெர்மான்ட் மாநிலம் 1953இல், திரும்பப் பெறாத பீர் பாட்டில்களுக்குத் தடை விதித்தது.

அதே 1953இல் ‘அமெரிக்காவை அழகாக வைப்போம்’ என்ற பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. தோற்றுவித்தவர்கள் யார்? அமெரிக்கன் கேன் கம்பெனி, ஓவன்ஸ்–இலினாய்ஸ் கண்ணாடி நிறுவனம் முதலிய உறைத் தொழில் அதிபர்கள். குப்பையை உருவாக்கியவர்களே குப்பைக்கு எதிரான பிரச்சாரத்தை நடத்தினார்கள். அந்தப் பிரச்சாரத்தின் நாயகன் ‘குப்பை போடும் மனிதன்’. வெர்மான்ட் தடை 1957இல் காலாவதியாகிப் போயிற்று. 1971இல் இவ்வமைப்பு வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில், குப்பையைக் கண்டு பூர்வகுடி மனிதர் ஒருவர் கண்ணீர் வடிப்பார். மனிதர்களே மாசை உண்டாக்குகிறார்கள், மனிதர்களே அதை நிறுத்த முடியும் என்பது அதன் செய்தி. அந்தப் பூர்வகுடியாக நடித்தவர் இத்தாலிய வம்சாவளியினர் என்பது பின்னாளில் வெளிவந்தது. கண்ணீரும் போலி, பூர்வகுடியும் போலி. உண்மையாக இருந்தது ஒன்றே: அதே 1971இல் ஆரெகான் மாநிலம் கொண்டுவந்த பாட்டில் வைப்புத்தொகைச் சட்டத்தைப் போன்றவை பிற மாநிலங்களுக்குப் பரவுவதைத் தடுக்க உறைத் தொழிலதிபர்கள் செலவிட்ட பணம்.

இந்தியாவில் அந்த நாயகன் வேறு உடையில் வருகிறான். துடைப்பத்தோடு அமைச்சர்கள் புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். சுவர்களில் காந்தியின் கண்ணாடி வரையப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஒரு ரூபாய்ச் சாஷேயை, பல அடுக்கு நெகிழி உறையை, 90 மில்லி டெட்ரா பாக்கெட்டை உற்பத்தி செய்பவர் எந்த உறுதிமொழியும் எடுப்பதில்லை.

முதலிடம் பெற்ற நகரமும் அதைப் பெருக்கிய கைகளும்

மைசூரு இந்த விவாதத்துக்கு மிகவும் ஏற்ற நகரம். 2015இல் 476 நகரங்களிடையே நாட்டின் தூய்மையான நகரமாக அது அறிவிக்கப்பட்டது. 2016இல் 73 நகரங்களில் மீண்டும் முதலிடம். 1903இலேயே நகர மேம்பாட்டு அறக்குழு அமைத்த ஊர் அது. கொள்ளைநோய்க் காலத்தின் படிப்பினையால் அகன்ற தெருக்களும் கழிவுநீர்க் கால்வாய்களும் பெற்ற ஊர். பட்டயங்களை அதிகாரிகளும் மேயர்களும் வாங்கிக்கொண்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் தரவரிசையில் இடம் இறங்கியபோது பழி யார்மீது விழுந்தது? ‘பொறுப்பற்ற பொதுமக்கள்’ மீதும் ‘வேலை செய்யாத பௌரகார்மிகர்கள்’ மீதும்.

நகரின் தூய்மைக்கு உண்மையான சொந்தக்காரர்கள் அந்தப் பௌரகார்மிகர்களே. விடியுமுன் தெருவில் இறங்கும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள், பெருந்தொகையினர் பெண்கள். 1970களில் தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் பி. பசவலிங்கப்பா, மனிதக் கழிவைத் தலையில் சுமக்கும் கொடுமைக்குத் தடை விதித்தார். அதே பத்தாண்டில் ஐ.பி.டி. சாலப்பா குழு, 500 பேருக்கு ஒரு துப்புரவுத் தொழிலாளி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு நகரங்கள் பன்மடங்கு வளர்ந்தன, நெகிழி வந்தது, உறைகள் பெருகின. விகிதமோ 700 பேருக்கு ஒருவர் என்று தளர்த்தப்பட்டது. குப்பை கூடக் கூடப் பெருக்குபவர் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது தாராளமயத்தின் கணக்கு.

அந்தக் கணக்கைத் தொழிலாளர்கள் ஏற்கவில்லை. ஒப்பந்தக்காரரின் பிடியிலிருந்து ‘நேரடி ஊதிய’ முறைக்கு வந்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2022 ஜூலை 1 முதல் கர்நாடகம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கே நாட்களில் நகரங்கள் நாறின. அரசு இறங்கி வந்தது. செப்டம்பரில் அமைச்சரவை முதற்கட்டமாக 11,133 பேரை நிரந்தரமாக்க முடிவெடுத்தது. போராட்டத்தின் வெற்றி அது. ஆனால் குப்பை வண்டி ஓட்டுநர்களும், குப்பையை வாரி ஏற்றுபவர்களும் அந்த முடிவின் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களுடைய கோரிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது.

தெருவிலிருந்து அள்ளிய குப்பை மறைந்துபோவதும் இல்லை. மைசூருவின் தென்புறத்தில் வித்யாரண்யபுரத்துக் கழிவுநீர்ப் பண்ணையில் ஆண்டாண்டாகக் குவிந்த மலையாக அது நின்றது. சுற்றிலும் வாழும் மக்கள் துர்நாற்றத்துக்கு எதிராக மீண்டும் மீண்டும் குரல் எழுப்பினார்கள். நகரின் மையம் அழகாயிருக்க, விளிம்பு விலை கொடுக்கிறது.

எஞ்சிக் கிடப்பது எது?

மைசூருவின் புறநகர்ச் சாலையோரம் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அங்கே அலுமினியக் குவளை கிடக்காது. தெளிந்த நெகிழித் தண்ணீர்ப் பாட்டிலும் நெடுநேரம் கிடக்காது. முழு பீர் பாட்டிலும் அரிது. பழைய பொருள் கடையில் விலைபோகும் என்பதால் குப்பை பொறுக்குவோர் அவற்றைக் கொண்டுபோய்விடுவார்கள். எஞ்சிக் கிடப்பவை உடைந்த கண்ணாடி, சாஷே, நொறுக்குத்தீனிப் பொட்டலத்தின் பளபளப்பு உறை, மதுவின் டெட்ரா பாக்கெட். காகிதமும் நெகிழியும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட பாக்கெட்டைப் பிரித்தெடுக்கச் செலவு அதிகம். ஆகவே எடைக்கு எடுப்பாரில்லை. சாலையோரம் சந்தையின் விலைப்பட்டியலைத்தான் காட்டுகிறது. பிள்ளைக்கும் சோற்றுக்குமாகக் குனிந்து பொறுக்கும் ஓர் ஏழைப் பெண்கூட ‘இது வேண்டாம்’ என்று விட்டுப்போன பொருட்கள் அவை. அந்தப் பெண்ணின் தொழிலுக்கும் அரசு உதவவில்லை. நெகிழிக் கழிவு மீதான ஜி.எஸ்.டி. 2021இல் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

டெட்ரா பாக்கெட் மதுவின் கதை இன்னும் வெளிப்படையானது. கர்நாடகத்தில் மலிவு மது 90 மில்லி, 180 மில்லி பாக்கெட்டுகளில் விற்கிறது. அன்றாடக் கூலி பெறும் உழைப்பாளியின் சட்டைப்பையை அளந்து வெட்டிய அளவு அது. உற்பத்தியாளரிடமிருந்து சில்லறைக் கடைக்குப் போகும் மது முழுவதும், 2003 முதல், கர்நாடக மாநில மதுபானக் கழகம் என்ற அரசு நிறுவனத்தின் கிடங்குகள் வழியாகவே போகிறது. கலால் வரி மாநிலக் கருவூலத்தின் பெருந்தூண்களில் ஒன்று. வரி ஏய்ப்பைத் தடுக்க மதுப் புட்டிகள்மீது கலால் முத்திரைச் சீட்டு ஒட்டப்படுகிறது. வரிக்காக ஒவ்வொன்றாக எண்ணத் தெரிந்த அரசுக்கு, காலியானதும் அவற்றைத் திரும்ப வாங்க மட்டும் எண்ணத் தெரியாதா? வழி தெரியாதது குறையன்று. வழி இருந்தும் சாராய அதிபர்களின் செலவைக் கூட்ட மனமில்லாததே குறை.

சட்டத்தில் நுழைந்த ஒரு சொற்றொடர்

உற்பத்தியாளரின் பொறுப்பு என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல அடுக்கு நெகிழியின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று கூறின. இரண்டு ஆண்டு முடியும் தறுவாயில், 2018 மார்ச்சில், திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்ய இயலாதது ‘அல்லது எரிசக்தி பெற இயலாதது அல்லது மாற்றுப் பயன் ஏதும் இல்லாதது’ என்று வாசகம் நீட்டப்பட்டது. எரித்தால் எதுதான் வெப்பம் தராது? சிமென்ட் ஆலையின் உலையில் எறியத் தக்க எந்த உறையும் இனி உற்பத்தியாகலாம் என்று ஆயிற்று. ஒரு சொற்றொடர் பல்லாயிரம் டன் குப்பைக்கு வாழ்வளித்தது. அந்தச் சொற்றொடரை எழுதியவர் எந்தச் சாலையோரத்திலும் எதையும் வீசியெறிந்திருக்க மாட்டார். மிகவும் ஒழுக்கமான மனிதராகவே இருந்திருக்கக் கூடும்.

2022இல் வந்த வழிகாட்டு நெறிகள் பொறுப்பையே சந்தைச் சரக்காக்கின. குறிப்பிட்ட அளவு நெகிழி மறுசுழற்சி செய்யப்பட்டதாகச் சான்றிதழ் வாங்கிவிட்டால் நிறுவனத்தின் கடமை முடிந்தது. விளைவு எதிர்பார்த்ததே. மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலுள்ள சில மறுசுழற்சி நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023இல் கண்டறிந்தது. காகிதத்தில் மறைந்த குப்பை சாலையில் கிடந்தது.

அதே 2023இல் மோடி அரசு ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டத்தை நிறைவேற்றி, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில், விதிமீறலுக்கு உரியதாயிருந்த சிறைத் தண்டனையை நீக்கியது. இனி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழில் செய்வதை எளிதாக்குகிறார்களாம். பிரிட்டனில் வாயு முகர்ந்த இளைஞனுக்குச் சிறை வந்த அதே ஆண்டில், இந்தியாவில் மாசுபடுத்தும் முதலாளிக்குச் சிறை நீங்கியது. இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள், ஒரே வர்க்க நியாயம்.

வீசிய கைக்குப் பொறுப்பே இல்லையா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முதலாளியைக் குற்றம் சாட்டிவிட்டுத் தன் கையில் இருக்கும் பாட்டிலைக் கார்க் கண்ணாடிக்கு வெளியே எறிந்துவிடலாம் என்பது இதன் பொருளாகாது. உடைந்த கண்ணாடி முதலாளியின் கையைக் கிழிப்பதில்லை. கையுறையின்றி வாரும் பௌரகார்மிகரின் விரலையே கிழிக்கிறது.

இந்த நாட்டில் வீசுவது இவ்வளவு இயல்பாக இருப்பதற்குச் சாதியும் ஒரு காரணம். ‘எடுப்பதற்கு ஆள் இருக்கிறது’ என்ற நினைப்பு, எடுப்பதற்கென்றே ஒரு பிறப்பு விதிக்கப்பட்டிருக்கிறது என்ற பழைய நினைப்பின் புதிய வடிவம். வீட்டைக் கழுவி வாசலில் கோலமிட்டு, குப்பையைத் தெருமுனையில் கொட்டும் ‘தூய்மை’ இங்கே மட்டும் காணக் கிடைப்பது. உறை உற்பத்தியாளர் தன் செலவைச் சமூகத்தின் மீது தள்ளுகிறார். சமூகம் அதைச் சாதியின் அடித்தட்டின் மீது தள்ளுகிறது. இரண்டு தள்ளல்களும் சேர்ந்துதான் மூலதனத்துக்கு இலவசத் துப்புரவைப் பெற்றுத் தருகின்றன. ஒன்றை மட்டும் பேசி மற்றொன்றை விடுவது பாதி உண்மையாகவே முடியும். கட்சிப் பொதுக்கூட்டம் முடிந்த மைதானத்தில் மறுநாள் காலை காகிதக் குவளைகளையும் தண்ணீர் பாக்கெட்டுகளையும் பொறுக்குபவர் யார் என்பதைத் தோழர்களும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

நீலகிரி ஏற்பாட்டையும் குறையற்றதாகக் கொண்டாட இயலாது. அத்திட்டம் பிற மாவட்டங்களுக்கு விரிந்தபோது டாஸ்மாக் ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பாட்டிலில் அடையாளச் சீட்டு ஒட்டுவதும், காலிப் பாட்டில்களை எண்ணி வாங்குவதும், நெருக்கடியான கடைக்குள் அவற்றைக் குவித்து வைப்பதும் ஏற்கெனவே குறைந்த ஊதியத்தில் உழலும் ஊழியர்களின் தலையில் கட்டப்பட்டன. கூடுதல் ஆளும் இல்லை, இடமும் இல்லை. சாராய ஆலை அதிபரோ இதில் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. ஊழியர்களின் எதிர்ப்பைச் சுற்றுச்சூழலுக்கு எதிரானது என்று சித்திரிப்பது விஷமம். செலவு உற்பத்தியாளருடையது என்ற கொள்கையைப் பாதி வழியில் கைவிட்டதன் விளைவு அது.

என்ன செய்ய வேண்டும்?

மைசூருவிலும் கர்நாடகத்தின் பிற நகரங்களிலும் தொழிற்சங்கங்களும் இடதுசாரி இயக்கங்களும் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. மாநில மதுபானக் கழகத்தின் வழியாக விற்கப்படும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பாக்கெட்டுக்கும் வைப்புத்தொகை வேண்டும்; திரும்பப் பெறும் மையங்களுக்கான ஆட்செலவையும் இடச்செலவையும் உற்பத்தியாளரே ஏற்க வேண்டும். திரும்பக் கோரப்படாத வைப்புத்தொகை நிறுவனத்துக்கோ பொதுக் கருவூலத்துக்கோ போகாமல், துப்புரவுத் தொழிலாளர், குப்பை பொறுக்குவோர் நலநிதிக்குப் போக வேண்டும். பிரித்தெடுக்க இயலாத பல அடுக்கு உறைகளை நிறுத்துவதற்கு 2016இல் விதித்த கடமையை, 2018இன் ஓட்டையை அடைத்து மீட்க வேண்டும். மறுசுழற்சிச் சான்றிதழ்கள் பொதுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். குப்பை வண்டி ஓட்டுநரும் ஏற்றுநரும் உட்பட அனைவரும் நிரந்தரமாக்கப்பட வேண்டும். சாலப்பா குழுவின் 500க்கு ஒருவர் என்ற அளவு மீண்டும் வர வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாயக் கோட்டை இல்லை. சமையல் எரிவாயு உருளை இந்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்று திரும்புகிறது. மலையுச்சிக் கிராமத்துக்கும் போகிறது, திரும்புகிறது. அதைத் திரும்ப அனுப்பத் தெரிந்த மக்கள்தாம் சாலையோரத்தில் பாக்கெட்டை வீசுகிறவர்கள். அவர்களுடைய குணத்தைத் திருத்தப் புறப்படுமுன், பாக்கெட்டை விற்றவரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

நாளை விடியுமுன், தசரா யானைகள் நடந்து செல்லும் அதே மைசூருத் தெருக்களில், துடைப்பத்தோடு பெண்கள் இறங்குவார்கள். யாரோ குடித்து எறிந்ததை, யாரோ விற்று இலாபம் பார்த்ததை, அவர்கள் குனிந்து எடுப்பார்கள். குப்பைக்கு யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் அவர்களுடைய இடத்திலிருந்து அக்கேள்வியைக் கேட்கட்டும்.